ரேஸ் சைக்கிளிலிருந்து மவுண்டன் சைக்கிளுக்கு: படுவான்கரையில் எட்டு மாதம்

கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை மட்டக்களப்பு கல்லடியிலிருந்து புறப்பட்டு, வலையிறவுப் பாலம் தாண்டி, வவுணதீவு, ஆயித்தியமலை வழியாக உன்னிச்சைக் குளக்கட்டு வரை போனேன். குளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, முடிந்தவரை வயல் வட்டைகளுக்குள் போகும் கிரவல் (சரளை) வழிகளாலேயே திரும்பிவந்தேன். டியூப் ஓட்டையாகவில்லை, கை விறைக்கவில்லை, முழங்கால் நோகவில்லை. இந்த மூன்றும் ஒரே நாளில் கூடிவந்தது இதுதான் முதல் தடவை. சைக்கிளை வாங்கி எட்டு மாதம் ஆகிறது. இடையில் செய்த பிழைகளையும் செலவையும் மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

ஒன்பது வருடமாக ரேஸ் சைக்கிள் ஓடுகிறேன். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடற்பக்கமான எழுவான்கரையில் அதற்கு ஒரு குறையும் இல்லை. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனை என்று வழுவழுப்பாகத் தார் போட்ட காபெட் வீதி நீண்டுகொண்டே போகும். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், நிலைமை வேறு. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் அந்தப் பக்கமாகக் கொக்கட்டிச்சோலைக்குப் போகவேண்டும். இப்போது பாலத்தைக் கடக்கச் சில நிமிடம் போதும். ஆனால் பெரிய வீதியை விட்டு இறங்கினால் உழவு இயந்திரங்கள் ஓடி ஓடி நெளிவுத் தகரம்போல் வரி விழுந்த கிரவல், அதற்கப்பால் மணல், வாய்க்கால் ஓரத்தில் களி. எனக்குப் பிடித்த இடங்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன: மருத மரம் நிற்கும் வாய்க்கால் கரை, எருமைப்பட்டி இறங்கும் மடு, யாருமில்லாத குளக்கட்டு. 25 மில்லிமீற்றர் டயரோடு இரண்டு முறை போய்ப் பார்த்தேன். முதல் முறை டயரின் பக்கம் கல்லில் கிழிந்தது. இரண்டாம் முறை பின் ரிம்மே நெளிந்தது. என் ரேஸ் சைக்கிள் பிரேமுக்குள் 28க்கு மேல் டயர் நுழையாது. மவுண்டன் சைக்கிள் ஒன்று வாங்குவதென்று அன்றே முடிவெடுத்தேன்.

பார்க்கப் போகும்போது அளவு நாடா, தொங்கவிட்டு நிறுக்கும் சிறிய தராசு, ஒரு கைவிளக்கு ஆகிய மூன்றையும் கொண்டுபோனேன். பன்னிரண்டு அங்குல இரும்பு அடிமட்டம் ஒன்றையும் கொண்டுபோயிருக்க வேண்டும். ஏனென்று பிறகு சொல்கிறேன்.

முதலில் பார்த்தது கடையில் புதிதாக நின்றது. 26 அங்குலச் சில்லு, முன்னும் பின்னும் அதிர்வு தாங்கும் ஷாக். 18.2 கிலோ. ஏறி மிதித்தபோது ஒவ்வொரு மிதிக்கும் பின் ஸ்பிரிங் அமுங்கி எழும்பியது. என் காலின் பலத்தில் ஒரு பங்கைச் சில்லுக்குப் போகவிடாமல் அதுவே தின்றுகொண்டிருந்தது. என்னால் கொடுக்க முடிந்த விலைக்குள் பின் ஷாக் வேண்டவே வேண்டாம் என்பதை அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொண்டேன். இரண்டாவது கல்முனையில், பாவித்தது, 27.5 அங்குலம். 14.1 கிலோ, நல்ல பெயின்ட். மூன்றாவது காத்தான்குடியில், பாவித்தது, 29 அங்குலம், அலுமினியப் பிரேம், முன்னால் மட்டும் 100 மில்லிமீற்றர் ஷாக். 14.6 கிலோ.

ரேஸ் சைக்கிள் ஓடுபவனின் கண் முதலில் நிறையைத்தான் பார்க்கும். அரைக் கிலோ குறைவென்று கல்முனைச் சைக்கிளைக் கிட்டத்தட்ட வாங்கிவிட்டேன். முற்பணம் கொடுக்கும் முன் கல்லடியில் எனக்கு வழமையாகச் சைக்கிள் திருத்தும் அண்ணனிடம் கதைத்தேன். “தம்பி, பாரத்தை விடுங்கள். பின் பற்சில்லைப் பின்பக்கமாகச் சுற்றி நடுவைப் பாருங்கள்” என்றார். பற்சில்லுத் தொகுதியின் நடுவில், கழற்றும் கருவி நுழைவதற்கென்று வெட்டுகள் இருக்கும். பின்னோக்கிச் சுற்றும்போது அந்த வெட்டுகளும் பற்களோடு சேர்ந்து சுற்றினால் அது காசெட். வெட்டுகள் அசையாமல் நிற்கப் பற்கள் மட்டும் சுற்றினால் அது சில்லின் நடுப்பகுதியான ஹப்பில் புரியோடு திருகப்பட்ட பழைய வகைப் பிரீவீல். பிரீவீல் வகையில் அச்சைத் தாங்கும் குண்டுகள் செயின் பக்கத்தில் உள்ளே தள்ளி இருக்கும். வெளியே நீளும் அச்சுத் துண்டைத் தாங்க எதுவும் இல்லாததால், குழியில் விழுந்து விழுந்து அது வளைந்துவிடும். கல்முனைச் சைக்கிள் பிரீவீல். காத்தான்குடிச் சைக்கிள் எட்டுப் பற்சில்லுக் காசெட். கைவிளக்கு அங்கேதான் உதவியது.

29 அங்குலத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. டயரின் பக்கத்தில் சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். என் ரேஸ் டயரில் 25-622. அந்த மவுண்டன் டயரில் 54-622. முதல் எண் அகலம், இரண்டாவது டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். 700 என்று நாம் சொல்லும் ரேஸ் சில்லும் 29 என்று அவர்கள் சொல்லும் சில்லும் ரிம் விட்டத்தில் ஒன்றுதான். 27.5 என்றால் 584, 26 என்றால் 559. பெரிய சில்லு வரிக் கிரவலின் பள்ளங்களுக்குள் இறங்காமல் மேலால் உருண்டு போவதை ஓட்டிப் பார்த்த முதல் நூறு மீற்றரிலேயே உணர்ந்தேன்.

கியர் முன்னால் 42, 32, 22 பல். பின்னால் 11 முதல் 32. முன்னால் ஒரே பற்சில்லு, பின்னால் பன்னிரண்டு பற்சில்லு என்பதுதான் இப்போதைய போக்கு. அதை நான் தவிர்த்தேன். எட்டுப் பற்சில்லுக்கான செயினும் கேபிளும் இங்கேயே கடையில் கிடைக்கும். மலையில்லாத ஊருக்கு 22 பல்லு எதற்கு என்று கேட்பார்கள். மணலுக்குத்தான். மணலில் எழுந்து நின்று மிதித்தால் பின் சில்லு தோண்டிக்கொண்டு புதையும். இருந்தபடியே இலேசான கியரில் வேகமாகச் சுற்றினால் சில்லு மிதந்து போகும்.

பிரேக், கேபிளில் இயங்கும் டிஸ்க் வகை. எண்ணெய் டிஸ்க்கின் பிடி இன்னும் நல்லதென்று தெரியும். ஆனால் ஷிமானோ பிரேக்குகளுக்கு மினரல் ஒயில் வேண்டும். வாகனக் கடைகளில் எளிதாகக் கிடைப்பது டொட் (DOT) வகைப் பிரேக் ஒயில். நண்பன் ஒருவன் இரண்டும் ஒன்றென்று நினைத்து அதை ஊற்ற, உள்ளே இருந்த இரப்பர் ஊதிப் பிரேக் முழுவதையும் மாற்ற வேண்டி வந்தது. கேபிள் போதும் என்று தீர்மானித்தேன்.

காத்தான்குடிக் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் அழைப்போம்) 85,000 ரூபாய் கேட்டார். செயின் தேய்ந்திருக்கிறது, முன் ஷாக் இறுகியிருக்கிறது என்று காட்டி 78,000க்கு வாங்கினேன். பேரம் முடிந்ததும் தேநீர் வரவழைத்துத் தந்து, “பின் சில்லில் கொஞ்சம் சத்தம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்” என்று அவராகவே சொன்னார். அந்த நேர்மையை மறக்கமாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் முழுவதையும் கழற்றினேன். முதலில் அடிமட்டம். சைக்கிள் செயினில் ஒரு ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையில் அரை அங்குலம். ஓர் ஆணியின் நடுவில் சுழியத்தை வைத்தால் 24ஆவது இடைவெளி முடியும் ஆணி சரியாக 12 அங்குலக் கோட்டில் வரவேண்டும். பதினாறில் ஒரு அங்குலம் தள்ளி நின்றால் செயினை மாற்றவேண்டும். எட்டில் ஒன்று தள்ளியிருந்தால் பின் பற்களும் கெட்டிருக்கும். இதில் பதினாறில் ஒன்றை விடச் சற்றே கூட. செயினை மட்டும் மாற்றி 3,500 ரூபாயோடு தப்பினேன். வாங்கும்போதே அளந்திருந்தால் ‘தேய்ந்திருக்கிறது’ என்று பொதுவாகச் சொல்லாமல் கணக்கோடு பேரம் பேசியிருக்கலாம்.

பின் ஹப்பின் சத்தம் காய்ந்துபோன கிறீஸ்தான். பக்கத்துக்கு 9 கால் அங்குலக் குண்டு. முன் ஹப்பில் பக்கத்துக்கு 10, அளவு 3/16 அங்குலம். குண்டும் கிறீஸும் 900 ரூபாய். குண்டுகளை அணைத்துப் பிடிக்கும் கோன் நட்டை இறுக்குவதில் மட்டும் பொறுமை வேண்டும். கையில் பிடித்து அச்சைச் சுற்றினால் தடை தெரியக்கூடாது, ஆட்டினால் ஆடக்கூடாது. நாலாவது முறைதான் சரிவந்தது. பிரேக் கேபிளையும் வெளிக்குழாயையும் மாற்றியது 1,800. இந்த வகை பிரேக்கில் உட்பக்கக் கட்டை அசையாது, அதைத் திருகி டிஸ்க்குக்கு அருகில் கொண்டுவர வேண்டும். ஒரு விசிட்டிங் கார்ட் நுழையும் இடைவெளி வைத்தேன். சில்லு உரசாமல் சுற்றியது.

முன் ஷாக்குக்கு ஒரு முழு மாலை போனது. அதன் மேற்குழாயில் ஒரு பிளாஸ்டிக் கட்டும் நாடாவைச் சுற்றி, மெதுவாக ஏறி உட்கார்ந்து இறங்கினால் நாடா எவ்வளவு நகர்ந்ததென்று பார்க்கலாம். 100 மில்லிமீற்றர் ஷாக்கில் 20 முதல் 25 வரை அமுங்கவேண்டும். என் எடை 68 கிலோ. நகர்ந்தது 4 மில்லிமீற்றர். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, அடியிலிருந்த இரண்டு அலன் ஆணிகளையும் கழற்றி, கீழ்க்கால்களை இழுத்தேன். வரவில்லை. மரச் சுத்தியலால் மாறி மாறித் தட்டிக்கொண்டிருக்க, திடீரென்று ஒரு காலிலிருந்து கறுத்த தண்ணீர் விரித்திருந்த பத்திரிகையில் கொட்டியது. பின்னாலேயே மணல். ஸ்பிரிங்கின் கீழ்ப் பாதி முழுவதும் செந்துரு. நடுவில் இருந்திருக்க வேண்டிய இரப்பர்க் கட்டை விரலில் எடுத்தபோதே பொடியாய் உதிர்ந்தது. முந்திய சொந்தக்காரர் கடற்கரைப் பக்கம் ஓடியிருக்க வேண்டும். உப்புக்காற்று செய்த வேலை அது. மண்ணெண்ணெயில் கழுவி, துருவைத் தேய்த்து, இரப்பர்க் கட்டை இல்லாமலே கிறீஸ் பூசிச் சேர்த்தேன். மறுபடி அளந்தபோது 14 மில்லிமீற்றர். இந்த வகை ஷாக்குக்கு அதுவே பெரிது. அதற்கு மேல் ஒரு ரூபாயும் அதில் போடவில்லை. எவ்வளவு சரியான முடிவு அது என்பது டயரின் காற்றைப் பற்றித் தெரிந்த பிறகுதான் விளங்கியது.

அதற்கு முன் என் பெரிய பிழை. பிரேமின் அளவு. மவுண்டன் பிரேமின் மேற்பார் சரிந்து இறங்குவதால் அதன் நீளத்தை நேரே அளந்து பயனில்லை. ஹாண்டில் குழாயின் நடுவிலிருந்து சீட் குழாய் வரை தரைக்குச் சமமாக நாடாவைப் பிடிக்கவேண்டும். 60 சென்ரிமீற்றர். என் ரேஸ் சைக்கிளில் 54.5. ஹாண்டிலைப் பிரேமோடு இணைக்கும் ஸ்டெம்மின் நீளத்தையும் கூட்டினால் மவுண்டன் 68, ரேஸ் 65.5. இரண்டரைச் சென்ரிமீற்றர்தானே, நீட்டிப் படுத்து ஓடிப் பழகியவன்தானே என்று விட்டுவிட்டேன். ஹாண்டிலின் அகலத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. ரேஸ் ஹாண்டில் 42 சென்ரிமீற்றர், இது 72. கைகள் அவ்வளவு விரியும்போது தோள் தானாகவே முன்னே இழுபடும். முதல் வாரத்திலேயே பிடரி வலித்தது.

பிழைக்கு மேல் பிழையாக, சீட்டை இரண்டு சென்ரிமீற்றர் முன்னே தள்ளினேன். பிடரி சுகமானது. இரண்டு கிழமையில் முழங்காலின் முன்பக்கம் நோகத் தொடங்கியது. சீட்டின் இடம் காலுக்கு உரியது, அதைக் கைக்காக நகர்த்தக் கூடாது. சீட்டைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய், 80 மில்லிமீற்றர் ஸ்டெம்முக்குப் பதில் 50 வாங்கிப் போட்டேன். 4,500 ரூபாய். வாங்கும்போது ஹாண்டிலைப் பிடிக்கும் இடத்தின் விட்டம் பார்க்கவேண்டும், என்னுடையது 31.8. பூட்டும்போது முதலில் மேல் மூடியின் ஆணியை, ஹாண்டில் ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும் திருகி, அதன் பிறகுதான் பக்கத்து இரண்டு ஆணிகளையும் இறுக்கவேண்டும். ஒழுங்கு மாறினால் ஆட்டம் போகாது. திருப்பும்போது ஹாண்டில் இப்போது சற்றுத் துடிப்பாக இருக்கிறது. இரண்டு நாளில் பழகிவிட்டது.

சீட்டை ரேஸ் சைக்கிளின் உயரத்திலிருந்து ஒன்றரைச் சென்ரிமீற்றர் இறக்கினேன். குளக்கட்டின் சரிவில் நின்றால் கால் தரையில் எட்டவேண்டும். பெடலோடு பூட்டுகிற சப்பாத்தையும் விட்டுவிட்டு முள் வைத்த தட்டைப் பெடல் போட்டேன், 5,200. மணலில் சில்லு நிற்கும் நொடியில் காலை விடுவிக்க முடியாமல் விழுவதை விட இது மேல்.

இனிக் காற்று. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ரேஸ் டயருக்குச் சதுர அங்குலத்துக்கு 90 இறாத்தல் அடித்துப் பழகிய கை. 2.1 அங்குல டயருக்கு 55 அடித்தபோதே குறைத்துவிட்டதாக நினைத்தேன். வவுணதீவுக்கு அப்பால் வாய்க்காலோரம் இரண்டு கிலோமீற்றர் வரிக் கிரவல் ஒன்றைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டேன். 55இல் சைக்கிள் கல்லுக்குக் கல் துள்ளியது. முடிவில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் விறைத்துப்போயின. 40இல் துள்ளல் கொஞ்சம் அடங்கியது. 32இல்தான் முதல் தடவையாகச் சில்லு தரையோடு ஒட்டி ஓடியது. 26இல் அதே துண்டை அதே மூச்சில், இன்னும் பெரிய கியரில் ஓடினேன். காற்றைக் குறைத்தால் வேகம் குறையும் என்று ஒன்பது வருடம் நம்பியிருந்தேன். காபெட்டில் அது உண்மையாக இருக்கலாம். கிரவலில் ஒவ்வொரு துள்ளலும் முன்னே போகவேண்டிய பலத்தை மேலே வீணாக்குகிறது.

ஆசையில் 20க்கு இறங்கினேன். ஒரு மதகின் கல் விளிம்பில் பின் சில்லு இடித்ததும் காற்று முழுவதும் போயிற்று. டியூபைத் தண்ணீரில் அமுக்கியபோது பாம்பு கொத்தியதுபோல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல்: ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கியிருக்கிறது. இப்போது முன்னால் 24, பின்னால் 27. அகலமான டயரில் இவ்வளவு காற்றே போதுமான ஷாக். இது தெரிந்திருந்தால் ஷாக்கையே பார்க்காமல் டயரை மட்டும் பார்த்து வாங்கியிருப்பேன்.

இந்த அளவுகளில் 4 இறாத்தல் வித்தியாசமே பெரிது. கடையிலிருந்த பம்பின் மானி என்னுடையதை விட 8 கூட்டிக் காட்டியது. 1,900 ரூபாய்க்கு வாங்கிய சிறிய இலக்கமானிதான் இந்த எட்டு மாதத்தில் செய்த மிகப் பயனுள்ள செலவு. டியூப் இரண்டையும் கார் வால்வு வைத்ததாக மாற்றினேன், 2,400. எந்த எண்ணெய் நிலையத்திலும் காற்றடிக்கலாம். வால்வின் உள்ளூசியைக் கழற்றி ஓட்டை அடைக்கும் இரப்பர்ப்பால் ஊற்றவும் முடியும். பால் 3,200. நெருஞ்சி முள்ளுக்கு அது தெய்வம். இரண்டு மாதத்துக்குப் பிறகு டயரைத் தடவி முன்சில்லில் மட்டும் ஒன்பது முள் பிடுங்கினேன். ஒவ்வொரு இடத்திலும் ஒரு வெள்ளைப் பொட்டு அடைத்துக்கொண்டு நின்றது.

எல்லாம் சரிவந்துவிட்டது என்று நம்பியிருந்த நேரத்தில் மாரி வந்தது. நவம்பரில் மழை விட்ட ஒரு காலை வட்டைக்குள் இறங்கினேன். முந்நூறு மீற்றர்கூடப் போகவில்லை. வயற்களி டயரின் பற்களில் ஏறி, பிரேமுக்கும் டயருக்கும் இடையில் இருந்த ஆறு மில்லிமீற்றர் இடைவெளியில் இறுகி, பின் சில்லு நின்றேவிட்டது. தள்ளினால் சுற்றாமல் இழுபட்டது. விரலால் தோண்டித் தோண்டி, கடைசியில் 15 கிலோவையும் களியையும் தோளில் சுமந்து வீதிக்கு வந்தேன். காத்தான்குடியில் கைவிளக்கைப் பின் ஹப்பில் பிடித்த நான், அதற்கு ஒரு சாண் முன்னால், டயர் இரண்டு குழாய்களுக்கும் நடுவே நுழையும் இடத்தில் பிடிக்கவில்லை. ஆடியில் சைக்கிள் வாங்கப் போகிறவர் மார்கழியை நினைத்துக்கொண்டு அந்த இடத்தில் விரலை விட்டுப் பார்க்கவேண்டும். என் சுண்டுவிரல் இருபக்கமும் தாராளமாக நுழையாத பிரேமை இனி வாங்கமாட்டேன்.

மொத்தச் செலவு 1,01,400 ரூபாய், கூலி சேர்க்காமல். அதே பணத்துடன் மறுபடி கடைக்குப் போனால் ஒரு அளவு சிறிய பிரேம், 2.35 டயர் இடம் விட்டு உட்காரும் பின்பக்கம், காசெட் ஹப். இந்த மூன்றும் இருந்தால் முன்னால் ஷாக் இல்லாத வெறும் இரும்பு ஃபோர்க் என்றாலும் சந்தோஷமாக எடுப்பேன்.

உன்னிச்சைப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடியும் முன்பும், மாலை ஐந்துக்குப் பிறகும் அங்கே சைக்கிளில் போகாதீர்கள். யானை நடமாடும் இடம். வீதியில் ஈரமான இலத்தியைக் கண்டால் நான் மேலே போவதில்லை, எவ்வளவு தூரம் வந்திருந்தாலும் திரும்பிவிடுகிறேன். வழியில் வயற்காரர்களிடம் கேட்டால் இரவு யானை எந்தப் பக்கம் இறங்கியது என்று சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும்போது ஓரிடத்தில் வாய்க்கால் உடைத்து வழியெல்லாம் சேறு. மேற்பாரின் கீழ் இரப்பர்த் துண்டால் கட்டி வைத்திருக்கும் மூங்கில் சிம்பை எடுத்தேன். ஒரு முனையைச் சீவித் தட்டையாக்கி வைத்திருக்கிறேன். இரண்டு இடத்தில் நிறுத்திச் சுரண்டினேன், சில்லு சுற்றியது. வீட்டுக்கு வந்து கழுவும்போது பின் பிரேக்கின் உட்கட்டை டிஸ்க்கில் இலேசாக உரசும் சத்தம் கேட்டது. விசிட்டிங் கார்ட் மேசையில் இருக்கிறது, மாலையில் பார்க்கவேண்டும்.